மேற்குப் பார்த்த ஜன்னல்

வைகாசி பிறந்தால் போதும்,
ஆரல்வாய்மொழிக் கணவாய் வாயைத் திறந்துவிடும்.
பணகுடி தாண்டிப் பாய்ந்து வருகிற காற்று
காற்றாடிக்கெல்லாம் மிச்சம்தான் கொடுக்கும்,
முதல் வசூல் என் முகத்தில்.

நான் மூணாம் கவுண்டர்.
மேற்குப் பார்த்த ஜன்னல்.
ஸ்டிக்கர் வேலை செய்யாத வண்டி வந்தால்
கையை நீட்டவேண்டும், அவ்வளவுதான் வேலை.
அதற்காக ஜன்னலை அடைக்க முடியுமா?

குற்றாலத்தில் சாரலாம்.
அதே காற்றுதான் என்கிறார்கள்.
சரக்கையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு
வெறுங்கையோடு வருகிறது எங்களிடம்.

ஆனி முடிவதற்குள் கன்னம் இரண்டும்
வற்றின குளத்து வண்டல்.
மூக்கோரம் மாவு உதிரும்.
கொட்டாவி விட்டால் வாயோரம் வெடிக்கும்.
'சிரித்த முகத்துடன் சேவை' என்று
தலைக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள்.
சிரித்தேன்.
தோவாளைப் பூ ஏற்றி வந்த டிரைவர்
"தாயி, ஒதட்டுல ரத்தம்" என்றார்,
பாக்கிப் பதினஞ்சு ரூபாயை வாங்க மறந்து போனார்.

தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தேன்.
சாயங்காலம் துடைத்த கைக்குட்டையில்
நாலு மாநிலத்து மண்.
வள்ளியூர்ச் சந்தைக் கிரீம் பத்து ரூபாய்,
மல்லிகை வாசம், மத்தியானத்துக்குள் எரிச்சல்.
கிளிசரினைப் பன்னீரில் கலக்கச் சொன்னாள்
நாலாம் கவுண்டர் ஜெபக்கனி.
காற்றில் உறிஞ்ச ஒன்றும் இல்லாததால்
என்னிடமே உறிஞ்சியதோ என்னவோ,
இன்னும் இறுகிப்போச்சு.

கடைசியில் வண்ணார்பேட்டையில்
ஏசி போட்ட கடை.
மூடியில் பனிக்குல்லாய் போட்ட வெள்ளைக்காரி.
ஆயிரத்து நூறு.
"ரெண்டு நாள் சம்பளம்ட்டி, பாத்துத் தேய்"
என்றார் லிட்வின்.
பாத்துத்தான் தேய்த்தேன், இருபத்தாறு நாள் வந்தது.
சும்மா சொல்லக் கூடாது, நல்ல கிரீம்.
இருபத்தேழாம் நாள்
வெள்ளைக்காரி அப்படியேதான் சிரித்தாள்,
நான் மறுபடி வெடித்தேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி.
தோல் டாக்டருக்கு மூணு மணி நேரம் வரிசை.
அரை நிமிஷம் பார்த்தார்.
"சோப்பை விடுங்க" என்று சீட்டில் கிறுக்கினார்.
மருந்து ஜன்னலில் செய்யதலி பாத்திமா,
சட்டையில் பெயர் குத்தியிருந்தது.
அவளும் ஜன்னல்காரி, நானும் ஜன்னல்காரி.
"டப்பா கொண்டாந்திருக்கியளா?"

டாக்டரிடம் காட்ட எடுத்துப்போன
காலி டப்பாவை நீட்டினேன்.
பெரிய வாளியிலிருந்து கரண்டியால் அள்ளி
பனிக்காரி வீட்டுக்குள்
வெள்ளை மெழுகை வழித்துப் போட்டாள்.
வாசம் இல்லை. காசும் இல்லை.
"மூஞ்சி கழுவிட்டுத் தொடச்சிராதிய.
ஈரத்தோடயே பூசணும்.
இது ஈரம் குடுக்காது பாத்துக்கிடுங்க,
இருக்கதப் போவ விடாது, அவ்ளோதான்."

அட,
கட்டையைக் குறுக்கே இறக்கி
போகிறதை நிறுத்தி வைப்பது.
பத்து வருஷமாய் நான் பார்க்கிற உத்தியோகம்.

இப்போது விடிகாலை அஞ்சரைக்குக்
குழாயடியில் முகம் சொட்டச் சொட்ட நின்று
டப்பாவைத் திறக்கிறேன்.
துண்டு கொடியிலேயே கிடக்கிறது.
"வாழைக்கா பஜ்ஜி மாரி மினுங்குத" என்கிறார் லிட்வின்.
மினுங்கட்டும்.
தூசி இப்போதும் ஒட்டத்தான் செய்கிறது,
மத்தியானம் ஒருதடவை பாட்டில் தண்ணியில் கழுவி
மறுபடி பூசுகிறேன்.
மூணு வாரத்தில் கன்னம் அடங்கியது.
இடது வாயோரம் மட்டும் பிடிவாதம்.

நேற்றுத் தோவாளை வண்டி.
சில்லறைப் பெட்டியில் தனியாய் மடித்து வைத்த
பதினஞ்சு ரூபாயை நீட்டினேன்.
"இது எதுக்கு?" என்றார்.
மறந்தே போயிருந்தார்.
சிரித்துவிட்டேன்,
ஒட்டி வைத்த தாளுக்காக இல்லை.

வண்டி நகர்ந்தது. பிச்சிப்பூ வாசம் ஒரு நொடி.
நாக்கால் வாயோரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
உப்பு இல்லை.
மெழுகுப் பிசுக்கு மட்டும்.